தூதரகப் பணிமாற்றமா? சாமானை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள்

மாற்றல் உத்தரவு வந்ததுமே வீட்டுச் சாமானைக் கப்பலேற்றிவிட வேண்டாம். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கைப்படி தூதரக அதிகாரிக்குச் சுங்கவரி விலக்கு உண்டு. ஆனால், உங்கள் நியமனத்தை நீங்கள் போகும் நாட்டின் வெளியுறவு அமைச்சகம் பதிவு செய்யும்வரை பல நாடுகளில் சரக்கை விடுவிக்க மாட்டார்கள். அதற்குள் கன்டெய்னர் போய்ச் சேர்ந்தால் துறைமுகத் தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். அங்குள்ள தூதரக நிர்வாகப் பிரிவிடம் தேதி கேட்டுவிட்டே அனுப்புங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, உள்ளே இருப்பதைப் பட்டியலிடுங்கள். 'வீட்டுப் பொருள்' என்று மொத்தமாக எழுதினால் சோதனையில் சிக்கும். காப்பீடும் கேட்க முடியாது.

திருமண, பிறப்புச் சான்றிதழ்களின் அசல், பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில்தான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவையென்றால் சீக்கிரமே போடுங்கள். போட்ட 10 நாள் கழித்தே அந்தச் சான்று செல்லும்.