80 சீரிஸ் லேண்ட்குரூசருக்கு இரண்டாவது டீசல் டேங்க்: ஸ்டெப்னி இடத்தில் பொருத்தும் முறை

மேற்கு ஆஸ்திரேலியாவின் கேனிங் ஸ்டாக் ரூட் என்ற பாலைவனத் தடத்தில் தெற்கே விலுனாவிலிருந்து கிளம்பினால், அடுத்த டீசல் பங்க் குனவாரிட்ஜி என்ற ஊரில். நடுவில் ஏறக்குறைய 1000 கி.மீ. மணல்மேடும் வரிவரியான மண்தடமும்தான். டொயோட்டா லேண்ட்குரூசர் 80 சீரிஸின் சொந்த டேங்க் 95 லிட்டர். தார் ரோட்டில் 100 கி.மீ.க்கு 12, 13 லிட்டர் குடிக்கிற வண்டி, சுமையோடு மணலில் இறங்கினால் 20 லிட்டர் குடிக்கும். ஆக 200 லிட்டர் கட்டாயம். மேடு ஏறாமல் நாலு தடவை பின்வாங்குவது, வெள்ளம் மறித்துச் சுற்றிப் போவது எல்லாம் சேர்த்துக் கால் பங்கு கூட்டினால் 250. சொந்த டேங்க் 95, கூடுதல் டேங்க் 120, கேன் இரண்டில் 40, மொத்தம் 255.

மேற்கூரையில் எட்டு கேன் கட்டிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். நிரம்பிய 20 லிட்டர் இரும்புக் கேன் ஒன்று 21 கிலோ. மணல்மேட்டின் பக்கச் சரிவில் 160 கிலோவுக்கு மேல் தலையில் இருப்பது நல்லதற்கல்ல. எடை சேஸுக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் டீசல் வண்டிக்கு மட்டும். பெட்ரோலின் ஆவியும் அதன் குழாய் அமைப்பும் வேறு சங்கதி. அதை வீட்டு ஷெட்டில் தொடாதீர்கள்.

எடைக்கணக்கு

120 லிட்டர் டீசல் சுமார் 100 கிலோ. டேங்க், பட்டை, பிராக்கெட் சேர்ந்து 40 என்று வைத்தால் 140. ஆனால் பின் ஆக்ஸிலில் ஏறுவது 140 அல்ல. டேங்கின் நடுப்பகுதி ஆக்ஸிலுக்குப் பின்னால் 900 மி.மீ. தள்ளி இருக்கிறது, வீல்பேஸ் 2850 மி.மீ. ஏற்றம் இறைக்கிற மாதிரி, பின்பக்கம் அமுங்க முன்பக்கம் தூக்கும். 140-ஐ 900-ஆல் பெருக்கி 2850-ஆல் வகுத்தால் 44. அவ்வளவு கிலோ முன் ஆக்ஸிலில் குறைந்து, பின் ஆக்ஸிலில் 184 ஏறும். டேங்குக்கு இடம்விட்ட ஸ்டெப்னி பின் பம்பரில் தொங்கப்போகிறது, அதுவும் இதே பக்கம்தான். பயணச் சாமான்களோடு எடைமேடைக்குப் போய் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தனித்தனியாக எடை போடுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்ஸில் வரம்பைத் தாண்டிய வண்டிகள் நிறைய. பின் ஸ்ப்ரிங்கை மாற்ற வேண்டுமா என்பதை அந்தச் சீட்டே சொல்லிவிடும். மாற்றத்தை இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

உங்கள் மாடலுக்கென்றே செய்த, உள்ளே தடுப்புத் தகடு வைத்த, அலுமினியம் பூசிய இரும்பு டேங்க் வாங்குங்கள். வெறும் அலுமினியம் எடை குறைவு, உண்மைதான். ஆனால் வரிச்சாலை அதிர்வில் வெல்டிங் ஓரம் விரிசல் விட்டால் வழியில் ஒட்டவைக்க ஆள் கிடைக்காது. இரும்பை எந்தப் பண்ணை ஷெட்டிலும் ஒட்டிவிடலாம். தடுப்பு இல்லாத டேங்கை விலை மலிவென்று வாங்க வேண்டாம். பாதி நிரம்பிய டேங்கில் டீசல் அலை அடிக்கிற ஒவ்வொரு அடியும் பிராக்கெட்டில் விழும்.

மற்றவை: டீசலுக்கென்று அச்சிட்ட ஹோஸ் (நிரப்ப 38 மி.மீ., காற்று வெளியேறும் பிரீதருக்கு 16, பம்ப் லைனுக்கு 8), 12 வோல்ட் டிரான்ஸ்ஃபர் பம்ப், பம்புக்கு முன்னால் வைக்கத் தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ண ஃபில்டர், ரிலே, 5 ஆம்ப் ஃபியூஸ், விளக்கு எரியும் சுவிட்ச். ஹோஸ் கிளிப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பல் வெட்டிய மலிவுக் கிளிப் ரப்பரை அறுக்கும். உள்பக்கம் வழவழப்பான ஸ்டெயின்லெஸ் கிளிப் வாங்குங்கள்.

டேங்கை ஏற்றுவது

பேட்டரி நெகடிவைக் கழற்றி, ஸ்டெப்னியையும் அதைத் தூக்கும் செயின் வின்ச்சையும் இறக்கிவிடுங்கள். டேங்குக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கால் மெதுவாக ஏற்றுங்கள். போல்ட்டை விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள், இப்போது முடுக்கக் கூடாது.

சேஸில் புதுத் துளை போட நேர்ந்தால் நின்றிருக்கும் பக்கச் சுவரில் மட்டும் போடுங்கள். மேல், கீழ் விளிம்புகளில் துளை கூடாது. சேஸோடு வெல்டிங்கும் கூடாது. டேங்குக்கும் பட்டைக்கும் நடுவில் தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் வையுங்கள். கம்பளித்துணி வைத்தால் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள் துரு பிடிக்கும்.

முடுக்குவதற்கு முன் இடைவெளி பாருங்கள். வண்டி நிற்கும்போது தெரிகிற இடைவெளி ஏமாற்றும். சேஸை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் காயில் ஸ்ப்ரிங் இரண்டையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் சேஸில் முட்டாமல் தடுக்கும் ரப்பர்) நசுங்கும்வரை ஏற்றுங்கள்: முதலில் இரண்டு பக்கமும் சேர்த்து, பிறகு ஒவ்வொரு பக்கமாக. டிஃபரன்ஷியல் ஹவுசிங், பான்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி), பிரேக் ஹோஸ் எதுவும் டேங்கை 25 மி.மீ.க்குள் நெருங்கக் கூடாது. சைலன்சர் குழாய்க்கு 50 மி.மீ., நடுவில் வெப்பத்தகடும் வேண்டும். எல்லாம் சரியென்றால் எம்12 போல்ட்டை (8.8 கிரேடு) சுமார் 80 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, நட்டின் மேல் பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். பின்னால் லூசானால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

காற்று வெளியேறும் வழி

வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். டேங்க் நன்றாக உட்கார்ந்திருக்கும், ஒழுகாது, ஆனால் பங்கில் நாசிலை வைத்ததும் 'டக்' என்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் அரை லிட்டர், மறுபடி டக். 120 லிட்டர் நிரப்ப முக்கால் மணி நேரம் ஆகும். நாசிலையோ பங்க்காரரையோ திட்டிப் பயனில்லை.

டீசல் உள்ளே போக, அதே அளவு காற்று பிரீதர் ஹோஸ் வழியாக வெளியே வர வேண்டும். அந்த ஹோஸ் டேங்கிலிருந்து நிரப்பும் வாய் வரைக்கும் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில்கூடத் தொய்யக் கூடாது. தொய்ந்த இடத்தில் ஒரு கை டீசல் தேங்கினாலும் போதும், சிங்க்குக்கு அடியில் வளைகுழாயில் தண்ணீர் நிற்கிற மாதிரி காற்றை அடைத்துவிடும். காற்றுக்கு வேறு வழியில்லாமல் நிரப்பும் ஹோஸ் வழியாகவே நுரையோடு மேலே வரும், நாசில் நின்றுவிடும். ஹோஸை நீளமாக வெட்டிச் சுருட்டி மடக்குவதுதான் வழக்கமான தவறு. 20 செ.மீ.க்கு ஒரு கிளிப் போட்டு விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நிரப்பும் ஹோஸுக்கும் இதே விதிதான், அது இறங்கிக்கொண்டே வர வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் கடைசி 15, 20 லிட்டர் ஏற மறுத்தால், பிரீதர் முனை டேங்கின் எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள். முனை பின்மூலையில் இருந்து, பங்கில் வண்டி முன்பக்கம் தூக்கி நின்றால், முனை சீக்கிரமே டீசலில் மூழ்கிவிடும். முன்பக்கக் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் ஏறிவிடும்.

இது நிரப்பும்போது வேலை செய்யும் பிரீதர். ஓட்டும்போது மூச்சுவிட இன்னொரு மெல்லிய வென்ட் உண்டு. அதைச் சேஸ் உயரத்தில் விட்டுவிடாதீர்கள். சூடான டேங்க் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், வென்ட் தண்ணீரை இழுக்கும். பின்விளக்கு உயரத்துக்குக் கொண்டுபோய், நுனியில் சின்ன ஃபில்டர் மாட்டுங்கள்.

கழுத்து வரை நிரப்பவும் வேண்டாம். நிலத்தடித் தொட்டியிலிருந்து 15 டிகிரியில் வரும் 120 லிட்டர், மதிய வெயிலில் 40 டிகிரியானால் இரண்டரை லிட்டர் பெருகும்.

பம்ப், வயரிங்

இரண்டு டேங்கையும் வால்வு வைத்து மாற்றி மாற்றி இன்ஜினுக்குக் கொடுக்கும் முறை எனக்கு உடன்பாடில்லை. டீசல் இன்ஜின் எடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். திரும்பும் லைன் வால்வோடு சேர்ந்து மாறாவிட்டால் ஒரு டேங்க் காலியாகி மற்றது வழியும். பம்ப் வைத்துச் சொந்த டேங்குக்கு மாற்றுவதே மேல். பம்ப் செத்தாலும் இன்ஜின் ஓடும், கையால் உறிஞ்சியும் எடுத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத இடத்தில் போட்ட டீசலை முதலில் புது டேங்கில் வாங்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் தெரிகிறதா என்று பார்த்து மாற்றலாம்.

மின்காந்தத்தால் டிக் டிக்கென்று ஓடும் சதுர சாலினாய்டு பம்ப் போதும். டேங்குக்கு அருகே, வெளியேறும் முனை மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். லைனைச் சொந்த டேங்கின் நிரப்பும் ஹோஸில் 'டி' வடிவ இணைப்பு வைத்துச் சேர்க்க வேண்டும். சேரும் இடம் புது டேங்கின் உச்சியைவிட உயரத்தில் இருக்கட்டும். இந்த வகைப் பம்புகள் பல, நிறுத்திய பிறகும் டீசலை ஊடே விடும். தாழ்வாகச் சேர்த்துவிட்டு, இரவு முன்பக்கம் தாழ நிறுத்தினால், காலையில் சொந்த டேங்க் வழிந்து மணலில் டீசல் ஊறியிருக்கும். வாங்கும்போதே நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ரிலே இக்னிஷனில் மட்டும் உயிர்பெறட்டும். ஆஸ்திரேலியக் கடைகளில் '4 மி.மீ. ஆட்டோ வயர்' என்பது மேலுறையோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பு சுமார் 1.8 சதுர மி.மீ.தான். இந்தப் பம்புக்கு அது தாராளம். அதே பெயரை நம்பி ஃபிரிட்ஜுக்கு இழுத்தால்தான் பிரச்சினை.

சோதனை

10 லிட்டர் ஊற்றி, இணைப்பு ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிறகு பம்ப் லைனை 'டி'-யில் கழற்றிக் கேனில் விட்டு, கடிகாரம் பார்த்து 5 லிட்டர் இறக்குங்கள். மூன்று நிமிடம் ஆனால் மணிக்கு 100 லிட்டர். அப்படியானால் 40 லிட்டர் மாற்ற 24 நிமிடம். சொந்த முள் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். மறந்துபோகும் ஆசாமி என்றால் 25 நிமிட டைமர் ரிலே வைத்துவிடுங்கள்.

அடுத்து 10, 10 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் புது டேங்கின் அளவு காட்டும் மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலி டேங்க் 'நிரம்பியது' என்று காட்டினால் சென்டரும் (டேங்குக்குள் அளவை உணர்ந்து அனுப்பும் கருவி) மீட்டரும் வேறு வேறு ஜாதி: ஒன்று 10-லிருந்து 180 ஓம் ஏறும், இன்னொன்று 240-லிருந்து 33 இறங்கும். வயரை மாற்றிப் போட்டால் சரியாகாது, இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும்.

100 கி.மீ. மண்சாலையில் ஓட்டி வந்து பெயின்ட் கோடுகளைப் பார்த்து மறுபடி முடுக்குங்கள்.

பின்சேர்ப்பு: ஊருக்குத் திரும்பியதும் புது டேங்கைப் பாதியோடு மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். காலி இடத்துக் காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும். அந்தத் தண்ணீரில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கறுப்புச் சளி மாதிரி வளரும். அடுத்த பயணத்தில் முதல் நாளே ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை 20 லிட்டர் மாற்றி, புது டீசல் ஊற்றிவையுங்கள். அடியிலிருக்கும் வடிகால் போல்ட்டை வருடத்துக்கு ஒருமுறை திறந்து, முதலில் வரும் ஒரு தம்ளரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வெளிச்சத்தில் வைத்து, அடியில் தண்ணீர் தெரிகிறதா என்று பாருங்கள்.