உளவியல் கன்வர்ஷன் படிப்பு: சேரும் முன்பே நேர்ந்துவிடும் தவறுகள்

வணிகவியல், பொறியியல், சட்டம் என வேறு ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு, சில ஆண்டுகள் வேலையும் பார்த்த பிறகு உளவியலின் பக்கம் திரும்ப நினைப்பவர்களுக்குப் பிரிட்டனில் ஒரு குறுக்குவழி உண்டு. இளநிலைப் பட்டத்தை முதலிலிருந்து தொடங்காமல், முழுநேரமாக ஓராண்டிலோ பகுதிநேரமாக இரண்டாண்டுகளிலோ முடித்துவிடக்கூடிய முதுநிலைக் கன்வர்ஷன் படிப்புதான் அது. இதில் இடம் கிடைப்பது பலரும் அஞ்சும் அளவுக்குக் கடினமானதன்று. முதற்பட்டத்தில் இரண்டாம் வகுப்பு இருந்தால், அது எந்தத் துறையானாலும் ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் பல இருக்கின்றன. இடம் கிடைக்காமல் போவதைவிட, தவறான படிப்பில் இடம் கிடைத்துவிடுவதே பெரிய இழப்பு.

அந்தத் தவறு படிப்பின் பெயரில் தொடங்குகிறது. கன்வர்ஷன் படிப்பின் பயன் ஜி.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும், பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் பட்டய உறுப்பினராவதற்கான அடிப்படைத் தகுதியில்தான் இருக்கிறது. அந்தச் சங்கம் அங்கீகரித்த படிப்பை முடித்தவர்களுக்கே இத்தகுதி கிடைக்கும். மருத்துவ உளவியல், கல்வி உளவியல், தடயவியல் உளவியல் போன்ற தொழில்முறைப் பயிற்சிகள் பெரும்பாலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்கின்றன. 'மருத்துவ உளவியல்', 'மனநல ஆய்வுகள்' என்று கம்பீரமான பெயர் தாங்கிய முதுநிலைப் படிப்புகள் பொதுவாக ஏற்கெனவே உளவியல் பட்டம் பெற்றவர்களுக்கானவை. வேறு துறையினரைச் சேர்த்துக்கொள்பவையும் பெரும்பாலும் ஜி.பி.சி. தருவதில்லை. 'உளவியல்' என்று மட்டும் சாதுவாகப் பெயரிட்ட படிப்பே பல நேரங்களில் நீங்கள் தேட வேண்டியது. ஒரு பல்கலைக்கழகத்தின் ஏதோ ஒரு உளவியல் படிப்பு அங்கீகாரம் பெற்றிருப்பது போதாது. நீங்கள் சேரப்போகும் அதே படிப்பு, நீங்கள் சேரும் ஆண்டுக்கு, சங்கத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். விளம்பரக் கையேட்டில் உள்ள முத்திரையை நம்பிப் பணம் கட்டுவது சரியன்று.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: கன்வர்ஷன் முடித்த மறுநாளே தாம் உளவியலாளர் ஆகிவிடுவோம் என்று நினைப்பது. 'மருத்துவ உளவியலாளர்', 'ஆலோசனை உளவியலாளர்' போன்ற பெயர்கள் சட்டப் பாதுகாப்பு பெற்றவை. 2009 முதல் எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் இருப்பவர்கள் மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம். (வெறும் 'உளவியலாளர்' என்ற சொல்லுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பது விந்தைதான்.) மருத்துவ உளவியலுக்குக் கன்வர்ஷன் படிப்பின் பிறகும் மூன்றாண்டு முனைவர் பயிற்சி இருக்கிறது, அதற்கான போட்டியும் கடுமையானது. ஆகவே எந்தத் தொழிலுக்குப் போக விரும்புகிறீர்களோ, அதன் நுழைவு நிபந்தனைகளை முதலில் படித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து கன்வர்ஷன் படிப்பைத் தேர்ந்தெடுப்பதே முறை. ஜி.பி.சி.க்கு 50 சதவீதம் போதும் என்பதால் தேர்ச்சி பெற்றாலே போதும் என்று இருந்துவிடுபவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்; முனைவர் பயிற்சிகள் பல அதைவிட உயர்ந்த மதிப்பெண்ணை எதிர்பார்க்கின்றன, சில உங்கள் முதற்பட்டத்தின் வகுப்பையும் சேர்த்தே எடைபோடுகின்றன.

விண்ணப்பத்தில் அதிகம் வீணாவது பர்சனல் ஸ்டேட்மென்ட், அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று நீங்களே எழுதித் தரும் கட்டுரை. "சிறுவயது முதலே மனித மனம் என்னை ஈர்த்து வந்திருக்கிறது; பிறருக்கு உதவுவதே என் விருப்பம்" என்ற தொடக்கத்தைத் தேர்வாளர்கள் எத்தனை முறை படித்திருப்பார்களோ! அதில் பொய் இல்லை, ஆனால் செய்தியும் இல்லை. வங்கியில் தவணை நினைவூட்டல் அழைப்புப் பிரிவில் வேலை பார்த்த ஒரு வணிகவியல் பட்டதாரியை எண்ணிப் பாருங்கள். அவர் இப்படி எழுதலாம்: "கட்ட வேண்டிய தேதியை நாங்கள் சொல்லாமல் வாடிக்கையாளரையே சொல்லவைத்தபோது, குறித்த நாளில் கட்டியவர்கள் கூடியதாக எனக்குத் தோன்றியது. அது கேட்ட விதத்தின் விளைவா, அல்லது பொறுப்பானவர்களிடம் மட்டும் நாங்கள் அப்படிக் கேட்டோமா என்பதைப் பிரித்தறியும் வழி எனக்குத் தெரியவில்லை." இரண்டாவது வாக்கியம்தான் அவரை உள்ளே அழைத்துச் செல்லும். ஒரு கவனிப்பைச் சொன்னதோடு, அதையே சந்தேகிக்கவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உளவியல் ஆய்வுமுறை கற்றுத்தர முயல்வதும் அதைத்தான். முதற்பட்டத்தை மறைத்து எழுதுவது, அதற்காக வருத்தம் தெரிவிப்பதுபோல எழுதுவது இரண்டுமே தேவையற்றவை. பொறியியல் படித்தவரின் கணக்கும், சட்டம் படித்தவரின் வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமும் இங்கே மூலதனம். சொந்த வாழ்வின் துயரத்தையோ சிகிச்சை அனுபவத்தையோ எழுதலாமா என்று பலர் தயங்குகிறார்கள். எழுதலாம், ஆனால் அதிலிருந்து எழுந்த கேள்விக்கு அந்த அனுபவத்தைவிட அதிக இடம் கொடுக்க வேண்டும்.

புள்ளியியலைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனாலும் இலக்கியம், வரலாறு படித்து வருபவர்கள் அதை ஏதோ ஒரு சிறு பாடமாகவே நினைத்துக்கொண்டு சேருகிறார்கள். அறிதல், உயிரியல், சமூக, வளர்ச்சி உளவியல், தனிமனித வேறுபாடுகள் ஆகியவற்றோடு, புள்ளியியலை உள்ளடக்கிய ஆய்வுமுறையும் கட்டாயப் பகுதி. அது மற்றப் பாடங்கள் எல்லாவற்றுக்குள்ளும் ஊடுருவி நிற்கிறது. இரு குழுக்களின் சராசரி வேறுபாடு தற்செயலா என்று சோதிப்பதில் தொடங்கி, சில மாதங்களுக்குள் பல காரணிகளை ஒருசேரப் பார்க்கும் பகுப்பாய்வுக்கு எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது ஆர் மென்பொருளில் போய்விடுவீர்கள். இறுதியில் நீங்களே தரவு சார்ந்த ஓர் ஆய்வை நடத்தி, அதில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். மற்றப் பாடங்களின் மதிப்பெண் அதை ஈடுகட்டாது. சேர்வதற்கு முந்தைய கோடையில் திட்ட விலக்கம், ஒட்டுறவு, பி-மதிப்பு ஆகிய மூன்றையாவது கையால் கணக்கிட்டுப் பழகியவர்களுக்கு முதல் பருவம் எவ்வளவோ இலகுவாகிறது.

பண விஷயத்தில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. இங்கிலாந்தில் வசிக்கும் தகுதியுள்ள மாணவர்களுக்கான அரசின் முதுநிலைக் கடன், 2025–26 கல்வியாண்டில் தொடங்கிய படிப்புகளுக்கு அதிகபட்சம் 12,858 பவுண்டாக இருந்தது. அது 180 கிரெடிட் கொண்ட முழு முதுநிலைப் பட்டத்துக்கு மட்டுமே உரியது. ஜி.பி.சி. தரும் முதுநிலை டிப்ளோமாக்களும் உண்டு. குறைந்த கட்டணத்தைப் பார்த்து அவற்றைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இந்தக் கடன் கிடையாது. ஏற்கெனவே ஒரு முதுநிலைப் பட்டம் வைத்திருப்பவர்களும் பொதுவாக இதைப் பெற முடியாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும்: தொலைநிலைப் படிப்புக்கு மாணவர் விசா தரப்படுவதில்லை, மருத்துவ உளவியல் முனைவர் பயிற்சிக்கான அரசு நிதியும் முக்கியமாக உள்நாட்டு மாணவருக்கான கட்டணம் கட்டத் தகுதி உள்ளவர்களையே கருதி வகுக்கப்பட்டது.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வரி போதும். பத்தாண்டுகளுக்கு முன் பாடம் நடத்திய பேராசிரியருக்குக் கடைசி வாரத்தில் மின்னஞ்சல் அனுப்பினால், அவர் உங்கள் பெயரை நினைவுபடுத்திக்கொள்வதற்குள் கெடு முடிந்துவிடும்.

கடைசியாக, அனுபவத்தைப் படிப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது. உதவி உளவியலாளர் பணிக்கான தேசிய சுகாதாரச் சேவை விளம்பரங்கள் ஜி.பி.சி.யை மட்டும் கேட்பதில்லை. நோயாளிகளோடோ பராமரிப்பு தேவைப்படுபவர்களோடோ நேரடியாகப் பழகிய அனுபவத்தையும் கேட்கின்றன, போதிய விண்ணப்பங்கள் வந்துவிட்டால் அறிவித்த நாளுக்கு முன்பே மூடப்பட்டும் விடுகின்றன. பகுதிநேரமாகப் படித்துக்கொண்டே, வாரத்துக்கு ஓரிரு நாள் பராமரிப்பு இல்லத்தில் துணைப் பணியாளராகவோ நெருக்கடி உதவித் தொலைபேசியில் தன்னார்வலராகவோ இருந்தவர்கள், பட்டம் கைக்கு வரும்போது அந்த விளம்பரம் வெளியான அன்றே விண்ணப்பிக்கத் தயாராக இருப்பார்கள்.