ராத்திரி ஓடிய கிரான் வேலைகளில் எது தோற்றது?

சர்வரில் இருபது கிரான் வேலைகள், அதாவது லினக்ஸ் குறித்த நேரத்தில் தானாகவே ஓட்டும் வேலைகள், ஓடுகின்றன, காலையில் வந்து பார்த்தால் பேக்கப் கோப்பைக் காணோம். உடனே சர்வரில் நடப்பதைப் பதிந்து வைக்கும் லாகைத் திறப்போம், உபுண்டுவில் சிஸ்லாக், ரெட்ஹாட் வகையில் கிரானுக்கென்றே தனி லாக் கோப்பு. ஆனால் அங்கே பெரும்பாலும் எந்த வேலை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றுதான் இருக்கும், உருப்படியாக முடிந்ததா என்று இருக்காது.

அதனால் இந்த வேலைகளின் பட்டியலான கிரான்டேபில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு அரைப்புள்ளி போட்டு, லாகர் கட்டளையால் அந்த வேலையின் பெயரையும் அது முடிந்தபோது தந்த எண்ணையும் லாகில் எழுத வையுங்கள். டாலர் குறியையும் கேள்விக்குறியையும் சேர்த்து எழுதினால் அந்த எண் கிடைக்கும். அப்புறம் பெயரைத் தேடினாலே போதும். 0 என்றால் சரி. 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை. கிரானுக்குத் தெரிந்த பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல், ரொம்பச் சின்னது, ஆகவே கட்டளை இருக்கும் முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள். 126 பெரும்பாலும் இயக்க அனுமதி இல்லாததால் வருவது. 137 வந்தால் யாரோ வலுக்கட்டாயமாக நிறுத்தியிருக்கிறார்கள், மெமரி தீர்ந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே நிறுத்தியிருக்கலாம்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் மட்டும் விழுகிறது என்றால் சதவீதக் குறியைப் பாருங்கள். கோப்பின் பெயரில் தேதி சேர்க்க அதைப் போட்டிருப்போம், கிரான்டேபோ அதைப் புது வரியாக எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் தீர்ந்தது.