மலையகத்தில் கார் ஓட்ட: இறக்கத்தை நினைத்து வண்டி எடுங்கள்

இலங்கை மலையகத்துக்குக் காரில் போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "அந்த வண்டி ஏறுமா?" என்றுதான். ஏறும். சின்ன ஆல்ட்டோ நாலு பேரையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு தினமும் நுவரெலியா ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படி இறங்கும் என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

நான் கோத்தகிரிக்காரன். தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா கப்பலேறி இங்கே வந்தார். அவருடைய தம்பி குடும்பம் தலவாக்கலையிலேயே தங்கிவிட்டது. அந்த வீட்டு மாமா ஒருவர் முன்பு தோட்டத்து லொறி ஓட்டியவர், இப்போது 'டொல்பின்' என்று எல்லோரும் சொல்லும் பழைய டொயோட்டா ஹைஏஸ் வேனை வாடகைக்கு ஓட்டுகிறார். இங்கே எழுதுவதில் பாதி அவரிடம் கற்றது.

முதலில் காகிதம். தமிழ்நாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது. நம் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள். கொழும்பில் இருக்கும் ஆட்டோமொபைல் அசோசியேஷனில் அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். வாடகைக் கார் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் அவர்களே முடித்துத் தருவார்கள்.

அப்புறம் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி கதவைத் திறந்தார்கள். அதனால் வாடகைக்குக் கிடைப்பவற்றில் நிறைய பத்து வயதை ஒட்டியவை. பழையது என்று முகம் சுளிக்க வேண்டாம், அங்கே வண்டியைப் பார்த்துக்கொள்கிற அக்கறை நமக்கு வராது. ஆனால் சாவியை வாங்குவதற்கு முன் பானெட்டைத் திறக்கச் சொல்லி பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருந்தால் சரி. கறுத்திருந்தால் மாற்றிக் கேளுங்கள். அந்த ஆயில் நாளாக ஆக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்துக் குமிழியாகும். அப்போது பெடலை மிதித்தால் கால்தான் கீழே போகும், வண்டி நிற்காது.

வேகன்–ஆர் என்றதும் நம்மூர் வண்டியை நினைத்துவிடாதீர்கள். அங்கே தெருவெங்கும் ஓடுவது ஜப்பானிலிருந்து வந்த 660 சிசி வண்டி. ஊருக்குள் ஓட்டத் தங்கமானது. ஆனால் நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சின் பலத்திலும் அதே அளவு போய்விடும். இரண்டு பேருக்குப் போதும். குடும்பத்தோடு போனால் 1,500 சிசி டொயோட்டா ஆக்ஸியோ மாதிரி ஒன்றைக் கேளுங்கள். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள ஹைபிரிட்டை (எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த வண்டியை) நான் மலைக்கு எடுக்க மாட்டேன். ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போவது அதற்கு ஆகாது.

சரி, இறக்கம். மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னது: "மருமகன், பிரேக்கு வண்டிய நிப்பாட்டத்தான். எறக்கத்துல புடிச்சு வைக்கிறது எஞ்சினு." கியர் வண்டி என்றால், ஏறும்போது எந்த கியர் கேட்டதோ அதே கியரில் இறங்குங்கள். கியரை முடக்குக்கு, அதாவது வளைவுக்கு, முன்பே மாற்றிவிட வேண்டும், முடக்குக்குள் வைத்துத் தேடக்கூடாது. ஆட்டோமேடிக்கில் 'டி'யிலேயே விட்டுவிட்டுக் காலை பிரேக்கில் வைத்தபடி இறங்குகிறவர்கள்தான் அதிகம். 'எல்' என்ற குறைந்த கியர் இருந்தால் அதில் போடுங்கள். டொயோட்டா ஹைபிரிட்டுகளான ப்ரியஸிலும் அக்குவாவிலும் 'பி' என்று ஒன்று இருக்கும், அது இதற்காகவே வைத்தது. கொஞ்ச தூரம் இறங்கியதும் பேட்டரி நிரம்பிவிடும், எஞ்சின் திடீரென்று இரைய ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம். மேற்கொண்டு சேமிக்க இடமில்லாத சக்தியை எஞ்சினைச் சுழற்றித் தீர்க்கிறது, அவ்வளவுதான்.

பிரேக்கை அழுத்தினால் திடமாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே போவதுதான் சூடேற்றும். எரிந்த ரப்பர் மாதிரி வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். அரை மணி நேரம் ஒரு பிளேன்டீ குடியுங்கள். மாமாவின் வேனில் சீட்டுக்கு அடியில் ஆப்பு மாதிரி வெட்டிய மரக்கட்டை ஒன்று உண்டு. சரிவில் நிறுத்தினால், ஹேண்ட் பிரேக் போட்ட பிறகும் அது பின்சக்கரத்துக்கு அடியில் போகும். டயர் பட்டுப் பட்டு அதன் ஒரு முகம் வழவழவென்று ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் மிகை என்று நினைத்தால், றம்பொடை இறக்கத்தில் கெரண்டி எல்ல பக்கம் 2025 மே மாதம் பஸ் கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் இறந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

வழி: கண்டிப் பக்கமிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறுங்கள். இறங்குவதற்குத் தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை. இரண்டாவதிலும் முடக்குகள் குறைவில்லை, ஆனால் இறக்கம் விட்டுவிட்டு வருவதால் பிரேக்குக்கு மூச்சு கிடைக்கும். சென் கிளயர், டெவன் அருவிகளும் அந்த ரோட்டில்தான். மேப் உங்களை நானுஓயாவிலிருந்து ரதல்ல குறுக்கு ரோட்டில் இறக்கப் பார்க்கும். போகாதீர்கள். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேர் இறந்த பிறகு கனரக வண்டிகளுக்கு அங்கே தடை போட்டார்கள். ஐந்து நிமிஷம் மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்?

இடதுபுறம் ஓட்டுவது நம்மூர் மாதிரிதான். வித்தியாசம் பாதசாரிக் கடவையில் தெரியும். அதில் ஒருவர் காலை வைத்தால் வண்டிகள் நிற்கின்றன, நிஜமாகவே. நிற்காவிட்டால் அடுத்த திருப்பத்தில் போலீஸ் நிற்பார். ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீட்டர் வேகம். மலையில் 40 தாண்டவே இடம் கிடைக்காது. எதிரே பஸ் லைட் அடித்தால் "நான் வருகிறேன்" என்று அர்த்தம், "நீ வா" என்று இல்லை. ஒதுங்கிவிடுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவதை அங்கே ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் கடைப்பிடிக்கிறார்கள். விட்டதும் சின்னதாக ஒரு ஹோர்ன், அது நன்றி.

நானுஓயா தாண்டினால் பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமில் இடது ஓரக் கோட்டைப் பிடித்துப் போங்கள். மழைக்காலத்தில் கிளம்பும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 2025 நவம்பர் புயலில் மலையகம் சரிந்ததைப் பார்த்தவர்களிடம் இதற்கு விளக்கம் கேட்க வேண்டியிருக்காது.

வண்டிப் பைத்தியங்களுக்குக் கடைசியாக ஒன்று. பழைய பிரிட்டிஷ் காரான மொரிஸ் மைனரை இன்னும் வேலைக்கு ஓட்டுகிற ஊர்கள் இவை. 1990களில் அதற்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய நாடு அது. நுவரெலியா டவுனில் காலையில் நடந்தாலே ஒன்றிரண்டு கண்ணில் படும், உரிமையாளர் பக்கத்தில் இருந்தால் கேட்காமலே பானெட்டைத் திறந்து காட்டுவார். ஏப்ரலில் போனால் மஹகஸ்தொட்டை மலையேற்றப் போட்டியைப் பார்க்கலாம், 1934இல் தொடங்கியது. புத்தாண்டை ஒட்டிய நாட்களில் மட்டும் காரை எடுக்காதீர்கள். நுவரெலியா ஏரிக்கரையைச் சுற்றி வண்டி நகராது, மாமாவே அந்த வாரம் வேனை வீட்டில் நிறுத்திவிட்டு நானுஓயாவுக்கு ரயிலில்தான் போகிறார்.