டாலருக்கு மாற்று: ரூபாயில் விற்றவர் அந்த ரூபாயை என்ன செய்வார்?

2024 ஜூனில் சமூக வலைதளங்களில் ஒரு செய்தி சுற்றோ சுற்றென்று சுற்றியது. அமெரிக்காவும் சவுதி அரேபியாவும் 50 ஆண்டுகளுக்கு முன் போட்ட 'பெட்ரோடாலர் ஒப்பந்தம்' ஜூன் 9-ஆம் தேதியோடு காலாவதி, இனி டாலர் அவ்வளவுதான் என்று. உண்மையில் 1974-இல் இரு நாடுகளும் கையெழுத்திட்டது பொருளாதார ஒத்துழைப்புக்கான கூட்டு ஆணையம் ஒன்றை அமைப்பதற்கு. எண்ணெயை டாலரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இல்லை, 50 ஆண்டுக் கெடுவும் இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த பிரிக்ஸ் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா உள்ளிட்ட நாடுகளின் கூட்டமைப்பு) மாநாட்டில் புதின் கையில் ஒரு நோட்டு இருந்தது. 'பிரிக்ஸ் நாணயம் வந்தாச்சு' என்று படம் பரவியது. அது நினைவுப் பரிசு. பொது நாணயம் எதையும் அந்த மாநாடு அறிவிக்கவில்லை. டாலரை ஒதுக்குவது தங்கள் கொள்கையே அல்ல என்று இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இவை வதந்திகள், சரிபார்த்தால் போச்சு. படித்தவர்களும் சறுக்கும் இடம் வேறு. ஒரு நாணயம் மூன்று வேலை பார்க்கிறது: அதில் விலை பேசலாம், பணம் கொடுக்கலாம், மிச்சத்தைச் சேர்த்தும் வைக்கலாம். இரண்டாவது வேலை நடந்த செய்தியைப் படித்துவிட்டு மூன்றும் கைமாறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். 2023 ஆகஸ்டில் அபுதாபியிடம் வாங்கிய பத்து லட்சம் பீப்பாய் எண்ணெய்க்கு இந்தியன் ஆயில் ரூபாயில் பணம் கொடுத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அன்றும் எண்ணெய்ச் சந்தை பீப்பாய்க்கு இத்தனை டாலர் என்றுதான் விலை பேசிக்கொண்டிருந்தது.

சேமிப்பு என்ற மூன்றாவது வேலையில்தான் சிக்கலே. 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளிநாட்டு வர்த்தகத்தை ரூபாயிலேயே முடிக்க 'வோஸ்ட்ரோ' கணக்குகளுக்கு, அதாவது வெளிநாட்டு வங்கி இந்திய வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்குகளுக்கு, வழி திறந்தது. ரஷ்யாவுக்கு இது தோதாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2023-24இல் இந்தியா ரஷ்யாவிடம் வாங்கியது 6,000 கோடி டாலருக்கும் மேல். விற்றது சுமார் 400 கோடி டாலருக்கு. வித்தியாசம் முழுவதையும் ரூபாயாகக் கொடுத்தால் ரஷ்யா அதை வைத்து என்ன செய்யும்? நகைக்கடைச் சீட்டு கட்டியவர்களுக்குத் தெரியும்: முதிர்ந்தால் அந்தக் கடையில் நகை எடுக்கலாம், காசாகக் கேட்டால் கையை விரிப்பார்கள். மிச்ச ரூபாயை இந்திய அரசுக் கடன் பத்திரங்களில் போடலாம் என்ற வசதி 2022 சுற்றறிக்கையிலேயே இருந்தது. இருந்தும் 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் எங்கள் ரூபாய் கோடிக்கணக்கில் கிடக்கிறது, அதை வேறு நாணயமாக மாற்றினால்தான் பயன் என்ற பொருளில் பேசினார். பிறகு ரஷ்ய எண்ணெயில் ஒரு பகுதிக்கு அமீரக திர்ஹாமில் பணம் போனது. திர்ஹாமின் மதிப்போ 1997 முதல் டாலரோடு முடிச்சுப் போடப்பட்டது!

ஒரு காலத்தில் வளைகுடா நாடுகளில் புழங்கியதே நம் ரூபாய்தான். 1959-இல் அவற்றுக்கென்று ரிசர்வ் வங்கி தனி நோட்டே அச்சடித்தது. 1966 ஜூனில் டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயை 7.50 ஆக மதிப்புக் குறைத்தபோது, அதுவரை ரூபாயை வைத்திருந்த ஷேக் நாடுகளும் விலகத் தொடங்கின. இந்தக் கதையை மறந்துவிட்டு, அரசு அறிவித்தால் போதும், நாணயம் நாடு கடந்து ஓடும் என்று பேசுவதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது.

புள்ளிவிவரத்தைப் பாதி படிப்பதும் ஒரு தவறு. உலக மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு 1999-இல் சுமார் 71 சதவீதம், 2024-இல் சுமார் 58. சரிவு உண்மை. ஆனால் 2024-இல் சீன யுவானின் பங்கு 2 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது, அவ்வளவுதான். இழந்த இடத்தில் பெரும்பகுதி ஆஸ்திரேலிய டாலர், கனடிய டாலர், கொரிய வோன் போன்றவற்றுக்குச் சிதறிப் போனது.

2022-இல் உக்ரைன் போரை அடுத்து மேற்கு நாடுகள் ரஷ்யாவின் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலரை முடக்கியதைக் காட்டி, டாலரை விட்டு யூரோவுக்குப் போனால் தப்பிக்கலாம் என்பவர்களும் உண்டு. முடங்கியதில் பெரும்பங்கு பெல்ஜியத்தில், பத்திரங்களைப் பாதுகாக்கும் யூரோக்ளியர் நிறுவனத்தில் கிடக்கிறது! தன் பெட்டகத்தில் இருக்கும் தங்கத்தைப் பிறர் முடக்க முடியாது என்பதாலும்தான் மத்திய வங்கிகள் 2022 முதல் மூன்று ஆண்டுகளும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. ரிசர்வ் வங்கியும் 2023-24இல் பிரிட்டனில் வைத்திருந்த சுமார் 100 டன்னை ஊருக்குக் கொண்டுவந்தது.

கடைசித் தவறு, நாணயப் பரிமாற்ற ஒப்பந்தத்தை, அதாவது தேவைப்படும்போது இன்னொரு மத்திய வங்கியிடம் அதன் நாணயத்தைப் பெறும் ஏற்பாட்டை, கையிருப்பாக எண்ணுவது. 2021 மார்ச்சில் சீன மத்திய வங்கியுடன் இலங்கை 1,000 கோடி யுவானுக்கு அப்படி ஒப்பந்தம் செய்து, சுமார் 150 கோடி டாலர் மதிப்பை உத்தியோகபூர்வ கையிருப்புக் கணக்கிலும் சேர்த்தது. நிபந்தனை என்னவென்றால், மூன்று மாத இறக்குமதிக்கான கையிருப்பு இருந்தால்தான் அந்த யுவானைத் தொடலாம். அவ்வளவு இருந்தால் அதைத் தொட வேண்டிய தேவையே வந்திருக்காது. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. மே மாதம் கையில் பயன்படுத்தத் தக்க கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்றார் நிதியமைச்சர். பெட்ரோல் ஏற்றிய கப்பல் ஒன்று மார்ச் 28 முதல் இலங்கைக் கடலிலேயே நங்கூரமிட்டு நின்றது. இறக்குவதற்குக் கொடுக்க டாலர் இல்லை.