‘த மேன் இன் த ஹை காஸில்’ நாவலை ஏமாறாமல் வாசிக்க

ஃபிலிப் கே. டிக் எழுதி 1962இல் வெளிவந்த இந்த நாவலை யாருக்குக் கொடுத்தாலும், முடித்ததும் “இவ்வளவுதானா?” என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு உயிரான புத்தகம் இது. அதனால் கொடுக்கும்போதே வாசிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். முடிவையும் இங்கே சொல்லப்போகிறேன். தெரிந்துகொண்டு படித்தால் லாபம்தான்.

முதலில் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். ஒன்று, நம் வரலாறு: 1933இல் மயாமியில், அமெரிக்க அதிபராகத் தேர்வாகியிருந்த ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்துச் சுட்டபோது அவர் தப்பினார். இரண்டு, நாவலின் உலகம்: அவர் செத்துப்போனார், பிற்பாடு ஜெர்மனியும் ஜப்பானும் இரண்டாம் உலகப் போரில் வென்று அமெரிக்காவைப் பங்குபோட்டுக்கொண்டன. மூன்று, நாவலுக்குள் பலரும் படிக்கிற, ஜெர்மானியர் தடைசெய்த இன்னொரு நாவல். அதில் ஜெர்மனியும் ஜப்பானும் தோற்கின்றன. ஆனால் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்து டக்வெல் என்பவர் அமெரிக்க அதிபராகிறார். அதுவும் நம் உலகம் இல்லை! இந்த மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் கடைசி அத்தியாயம் புரியாது.

சான் பிரான்சிஸ்கோ பகுதிகளில் வாக்கியங்கள் துண்டு துண்டாக இருக்கும். அச்சுப்பிழை இல்லை, ஜப்பானியர் ஆட்சியில் அங்கே எண்ணமே அப்படித்தான் ஓடுகிறது.

அப்புறம், மூன்று ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்கள் ஐ சிங் என்ற சீனக் குறிநூலைக் கேட்கும்போதெல்லாம் நீங்களும் போட்டுப் பாருங்கள். தலைக்கு 3, பூவுக்கு 2 என்று வைத்துக் கூட்டுங்கள். ஒற்றைப்படை வந்தால் முழுக்கோடு, இரட்டைப்படை வந்தால் நடுவில் உடைந்த கோடு. ஆறு முறை போட்டுக் கீழிருந்து மேலாக வரையுங்கள். டிக்கும் இப்படி நாணயம் போட்டுத்தான் கதையை நகர்த்தினார்.

14ஆம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் படியுங்கள். அவசரமே வேண்டாம். டகோமி என்ற ஜப்பானிய அதிகாரி பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சின்ன வெள்ளித் துண்டையே உற்றுப் பார்க்கிறார். எழுந்து போனால் வேறோர் உலகம்: கடற்கரையோரம் அதுவரை இல்லாத மேம்பாலம் நிற்கிறது. உணவுக்கடையில் எழுந்து இடம் கொடுக்கச் சொல்கிறார், வெள்ளைக்காரர்கள் மறுக்கிறார்கள். என்னைக் கேட்டால் நாவலின் உச்சம் இங்கேயே முடிந்துவிடுகிறது.

பிறகு வருவது ஷையான் நகரில் ஒரு சாதாரண வீடு; தடைசெய்த அந்த நாவலை எழுதியவர் இருக்கும் இடம். கோட்டை கிடையாது. அவரைத் தேடி வந்த ஜூலியானா என்ற பெண் நாணயம் போடுகிறாள். 61ஆவது குறி, ‘உள்ளார்ந்த உண்மை’. மேலே இரண்டும் கீழே இரண்டும் முழுக்கோடுகள், நடுவே இரண்டு உடைந்தவை. அந்தத் தடைசெய்த நாவல் சொல்வதுதான் உண்மை என்று அர்த்தமாகிறது. அவள் கிளம்பிப் போய்விடுகிறாள். ஜப்பான் மேல் அணுகுண்டு வீச ஜெர்மனியில் ஒரு திட்டம் இருக்கிறதே, அது நடக்குமா? பதில் இல்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. கடைசியில் ஐ சிங் எதுவும் சொல்லவில்லை என்று டிக்கே பின்னாளில் குறைப்பட்டார்.

அடுத்த பாகம் தேடாதீர்கள். இரண்டு அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார். நாஜிகளைப் பற்றி மறுபடி படிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.