ஹா ஜியாங் மலையில் வண்டி எடுக்கும் முன்: நாமக்கல் மெக்கானிக் ஒருவர் சொல்வது

கடைக்கு வண்டி விட வரும் பையன்கள் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: “அண்ணே, வியட்நாம் போறோம். ஹா ஜியாங்ல வண்டி வாடகைக்கு எடுத்துச் சுத்தலாமா?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதியே வைக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக நாமக்கல்லில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலைப் பாதையில் எத்தனை முறை வண்டி ஓட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஹா ஜியாங்குக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நானே ஓட்டி, காறை எலும்பை உடைத்துக்கொண்டு திரும்பினேன். இரண்டாவது முறை அந்த ஊர்க்காரர் ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்து சுற்றினேன். உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த இரண்டாவது பயணத்தில்தான்.

ஊரைப் பற்றி முதலில். ஹனோயிலிருந்து வடக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர், சீன எல்லையை ஒட்டிய மலைப்பகுதி. பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். ஹா ஜியாங் நகரில் கிளம்பி குவான் பா, யென் மின், டோங் வான், மேயோ வாக், டூ ஜியா வழியாகத் திரும்பி வந்தால் சுமார் 350 கிலோமீட்டர். மூன்று, நான்கு நாளில் சுற்றுவார்கள். டோங் வான் பீடபூமி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. 2010-இல் யுனெஸ்கோவின் புவிப் பூங்காப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே போகும் மலைச்சாலையை 1959-இலிருந்து 1965 வரை பெரும்பாலும் கையாலேயே வெட்டியிருக்கிறார்கள். மா பி லெங் கணவாயில் இளைஞர்கள் கயிறு கட்டிப் பாறையில் தொங்கி மாதக்கணக்கில் வெட்டிய பகுதி இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் நோ குவே ஆறு பச்சை நாடா மாதிரி கீழே ஓடும். அழகுக்குக் குறைவே இல்லை. போக வேண்டாம் என்று ஒருக்காலும் சொல்ல மாட்டேன்.

காகிதம்தான் முதல் பள்ளம்

நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐ.டி.பி., 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி தரப்படும் அனுமதியை. இரண்டும் பார்க்கச் சின்னப் புத்தகம்தான். ஆனால் நம்முடையது அங்கே செல்லாது. வாடகைக் கடைக்காரர் அதைக் கேட்கவே மாட்டார், சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவார். “கடையிலேயே கொடுத்துட்டாங்களே, அப்ப சரிதானே” என்று நாமும் நினைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சோதனைச் சாவடியில் அபராதம் கட்டுவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய அடி பயணக் காப்பீட்டில் விழும். ஓட்டுகிற நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று பாலிசியிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். எனக்கு அந்த வரியைக் காட்டித்தான் மறுத்தார்கள். ஹனோயில் எலும்புக்குத் தகடு வைத்து, ஊர் வந்து சேர மூன்று லட்சத்துக்கு மேல் கைக்காசு போனது. என் மனைவி நகையை அடகு வைத்துத்தான் பணம் அனுப்பினாள்.

அதனால், இந்திய உரிமம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு என் பதில்: அங்கே நீங்கள் ஓட்டாதீர்கள். பின்னால் உட்கார்ந்து போங்கள். வெளிநாட்டில் குடியிருந்து அந்த நாட்டு உரிமம் வைத்திருக்கிற நம்மவர்கள் விஷயம் வேறு. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளில் 1968 அனுமதி வாங்கலாம். ஆனால் அதில் மோட்டார் சைக்கிளுக்கான ‘ஏ’ கட்டத்தில் முத்திரை இருக்க வேண்டும். கார் உரிமத்தை மட்டும் வைத்து வாங்கியது இதற்கு உதவாது. கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்காவில் தருவதும் 1949 வகைதான். அனுமதி சரியாக இருந்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்த நாட்டில், இத்தனை சிசி வண்டியை, இந்த உரிமத்தில் ஓட்டினால் மருத்துவச் செலவு உண்டா? “உண்டு” என்று எழுத்தில் பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். போனில் சொன்னதை நம்ப வேண்டாம்.

கை செய்யும் துரோகம்

நான் விழுந்தது பள்ளத்தாக்கு ஓரத்தில் இல்லை. யென் மின் தாண்டி, சாலையின் இடது பக்கம் ஒரு பெட்டிக்கடை. டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். கடை இடது பக்கம் இருந்ததால் அப்படியே இடது ஓரமாகப் போக ஆரம்பித்துவிட்டேன். நம் ஊரில் அது சரி. அங்கே வண்டிகள் வலது பக்கம் போகும். எதிரே ஒரு வண்டியும் வரவில்லை, அதனால் மனசும் உறுத்தவில்லை. இருநூறு மீட்டர் போனதும் இடது பக்கமாகத் திரும்பும் வளைவு. மலையை ஒட்டினாற்போல ஒரு லாரி, அதற்குரிய பக்கத்தில், சரியாகத்தான் வந்தது. அந்த நொடியில் என் கை என்ன செய்தது தெரியுமா? இன்னும் இடது பக்கம் ஒடித்தது. முப்பது வருஷம் பழகிய கை. எதிரே வண்டி வந்தால் இடது ஓரம்தான் அதற்குத் தெரியும். நேராக மலையடி வடிகாலில் போய் விழுந்தேன். வலது பக்கம் சாலை முழுக்கக் காலியாகக் கிடந்தது. லாரி டிரைவர் இறங்கி ஓடி வந்து, தன் சட்டையாலேயே என் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, கேபினில் ஏற்றிக்கொண்டார். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கொல்லிமலை, ஊட்டி, வால்பாறை எல்லாம் ஓட்டியவர்கள்தான் இதில் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். புதிதாக ஓட்டுபவன் யோசித்து யோசித்து ஓட்டுவான். நமக்குக் கை தானாக ஓட்டும். மலைப்பாதையில் இடது வளைவு குறுகல், வலது வளைவு அகலம் என்று உடம்பு எழுதி வைத்திருக்கிறது. அங்கே அது தலைகீழ். வலது கொண்டை ஊசிதான் உள்பக்கம் குறுகலாக, செங்குத்தாக இருக்கும். சாலையைக் கடக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இடது பக்கம். ரவுண்டானாவில் நம் ஊருக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.

இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி: நடுக்கோடு எப்போதும் உங்கள் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். கோடே இல்லாத சாலையிலும் மனசில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கக் கண்ணாடியில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள், கிளம்பும்போது கண்ணில் படும். வண்டியை நிறுத்தினால் வலது ஓரத்தில் மட்டும் நிறுத்துங்கள். கடை இடது பக்கம் இருந்தால் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு நடந்து கடந்து போங்கள். ஆபத்து நிற்கும்போது வராது, நின்று கிளம்பும் முதல் நிமிஷத்தில் வரும். மலை ஏறுவதற்கு முன் அரை நாள் நகரத்துச் சமவெளியிலேயே ஓட்டி, திடீரென்று நேராகப் பிரேக் பிடித்து நிற்கப் பழகுங்கள். ஒடிப்பதைவிட நிற்பதற்குக் கை பழகட்டும்.

வண்டியைப் பார்த்து வாங்குவது

அங்கே அதிகம் கிடைப்பது ஹோண்டா வேவ் மாதிரியான செமி ஆட்டோ வண்டி. கிளட்ச் லிவர் கிடையாது, கியர் மட்டும் காலால் போட வேண்டும். முன்னால் மிதித்தால் கியர் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். ஸ்பிளெண்டர் ஓட்டியவர்களுக்கு இது கைவந்த கலை. பல்சர் ஓட்டியவர்களுக்குத்தான் கண்டம். இறக்கத்தில் கியரைக் குறைக்கப் பழக்கதோஷத்தில் முன்னால் மிதிப்பார்கள். கியர் ஏறிவிடும், என்ஜின் பிடிப்பு போய்விடும், வண்டி பாயும். எனவே சமதளத்தில் ஐம்பது முறையாவது கியர் போட்டுப் பாருங்கள். கியரே இல்லாத ஸ்கூட்டரை இந்த மலைக்கு எடுக்காதீர்கள். வேகம் குறைந்ததும் அதன் கிளட்ச் தானாக விட்டுவிடும், பிறகு இறக்கம் முழுக்கப் பிரேக் மட்டும்தான். டிரம் சூடேறி லைனர் பிடிக்காமல் போனால் மிதித்தும் பிரயோஜனம் இல்லை.

சாவி வாங்கும் முன் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். டயர் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் மேல் வெட்டு, தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது, பழைய டயர், அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டிலில் ‘டக் டக்’ என்று தட்டினால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங், போய்விட்டது, வளைவில் உதறும். டிஸ்க் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது. செயின் தொங்கக் கூடாது. ஹாரன் கட்டாயம் வேலை செய்ய வேண்டும், அந்த வளைவுகளில் அதுதான் உயிர். இருக்கிற கீறல்களை எல்லாம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை அடமானம் வைக்காதீர்கள், பணமாகக் கொடுங்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் பேரமே இல்லை. வாடகையோடு தருவதில் பாதி, தொப்பி மாதிரி இருக்கும். முகம் மூடும் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டை இங்கிருந்தே கையில் எடுத்துப் போங்கள்.

பின்னால் உட்கார்ந்து கற்றது

உள்ளூர் ஓட்டுநர்களை அங்கே ‘ஈஸி ரைடர்’ என்பார்கள். அவர் ஓட்டுவார், நாம் பின்னால். இரண்டாவது பயணத்தில் எனக்கு வந்தவர் முப்பது வயசுக்காரர், மலைவாழ் ஹமோங் சமூகம். அவர் தோளுக்கு மேலே நாலு நாள் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பார், வளைவில் கியரைத் தொட மாட்டார். இறக்கம் முழுக்க இரண்டாவது கியர். பார்வை மறைகிற வளைவுக்கு முன் இரண்டு ஹாரன், பிறகு அரை நொடி காதைக் கொடுப்பார், பதில் ஹாரன் வருகிறதா என்று. எதிர் வண்டி லைட்டை அடித்தால் நாம் ‘நீ போ’ என்று எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலும் ‘நான் வருகிறேன், ஒதுங்கு’ என்று அர்த்தம். அவர் ஒவ்வொரு முறையும் ஒதுங்கினார்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் நாளே அவரோடு ஒரு சின்னச் சுற்று போய்ப் பாருங்கள். வேகம் பிடிக்கவில்லை என்றால் “சம், சம்” என்று சொன்னால் போதும், மெதுவாக என்று பொருள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரவு தங்கும் வீடுகளில் சோளச் சாராயம் சின்னக் கோப்பையில் சுற்றி வரும், விருந்தோம்பல் அது. வியட்நாமில் ஓட்டுபவர் ரத்தத்தில் துளி மது இருந்தாலும் குற்றம். முந்தின ராத்திரிக் குடி மறுநாள் காலையிலும் ரத்தத்தில் இருக்கும். உங்கள் ஓட்டுநர் நாலாவது கோப்பையைக் கையில் எடுத்தால், காலையில் அவரோடு கிளம்ப அவசரப்படாதீர்கள், தேவைப்பட்டால் வேறு ஆள் கேளுங்கள். சங்கடப்படாமல் கேளுங்கள்.

இறங்கும்போது எப்போதும் இடது பக்கம் இறங்குங்கள். சைலன்சர் வலது பக்கம், அரைக்கால் சட்டையோடு இறங்கிக் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகளை அங்கே தங்கும் வீட்டுக்கு வீடு பார்த்தேன். பையை முதுகில் மாட்டாமல் வண்டியில் கட்டச் சொல்லுங்கள்.

மழையும் மாலையும்

மே முதல் செப்டம்பர் வரை மழை. மண் சரிவு அதிகம். கான்கிரீட் மேல் வழியும் செம்மண் சேறு எண்ணெய் மாதிரி வழுக்கும். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும், அப்போது போனால் நல்லது. டிசம்பர், ஜனவரியில் குளிரும் மூடுபனியும் கடுமை, குவான் பா பக்கம் பத்தடிக்கு மேல் கண் தெரியாது. எந்த மாதமானாலும் நாலு மணிக்குள் தங்கும் இடத்தில் இருங்கள். படம் எடுக்க மா பி லெங் வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள், பார்வையிட ஒதுக்கிய இடங்கள் இருக்கின்றன.

விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸ் எண் 115. ஆனால் அந்த மலையில் காத்திருப்பதைவிட வழியில் போகும் வண்டி பெரும்பாலும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் கழுத்து வலித்தால், உங்களை அசைக்கவும் ஹெல்மெட்டைக் கழற்றவும் யாரையும் விடாதீர்கள். ஜாலோ செயலியைப் போனில் போட்டு வையுங்கள், அங்கே எல்லோரும் அதில்தான் பேசுவார்கள். ரத்த வகை, ஒவ்வாமை, தங்கும் வீட்டின் எண், ஊரில் ஒருவரின் எண், இந்த நாலையும் தங்குமிடத்தில் கேட்டு வியட்நாம் மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கி, சட்டைப் பையில் வையுங்கள். போன் உடைந்தாலும் அட்டை இருக்கும்.

மேயோ வாக்கில் கடைசி நாள் காலை, மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பையைக் கட்டிவிட்டேன். என் ஓட்டுநர் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், திரும்பி உள்ளே போய் அடுப்பு பக்கம் உட்கார்ந்துகொண்டார். பதினோரு மணிக்குச் சாலை காய்ந்த பிறகுதான் சாவியை எடுத்தார்.